பதினோராம் ஆண்டின் பில்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு மின்கட்டணம் பற்றிய கூட்டம் என்று நினைத்து யாராவது வந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேசப்போவது அமெரிக்காவில் போலீஸ்காரரின் தோளிலும் தீயணைப்பு வீரரின் மார்பிலும் மாட்டியிருக்கும் வயர்லெஸ் கருவியைப் பற்றி. சரியாகச் சொன்னால், அந்தக் கருவிக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதைப் பற்றி. நான் உள்ளாட்சித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொறியாளன் அல்ல. ஒரு டவரைக் காட்டினால் அதன் உயரத்துக்கு முன்னால் அதன் வவுச்சர்தான் என் கண்ணில் படும். இந்த விஷயத்தில் அந்தப் பழக்கம் கைகொடுக்கும் என்றே நினைக்கிறேன். ஆபத்து நேரத்தில் ஒரு துறையின் குரல் இன்னொரு துறையின் காதில் விழாமல் போனதைப் பற்றி அமெரிக்காவில் எத்தனையோ விசாரணை அறிக்கைகள் வந்திருக்கின்றன. அவற்றில் கருவிகளைப் பற்றிய பக்கங்களைவிடப் பணத்தைப் பற்றிய பக்கங்களே எனக்கு அதிகம் சொல்லின.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளிலிருந்து தொடங்குகிறேன். 2001 செப்டம்பர் 11. நியூயார்க் தீயணைப்புத் துறை அன்று 343 பேரை இழந்தது. உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் காலை 9:59க்கு இடிந்தது, வடக்குக் கோபுரம் 10:28க்கு. நடுவில் 29 நிமிடங்கள். அந்த 29 நிமிடங்களில் வடக்குக் கோபுரத்தின் படிகளில் இருந்த தீயணைப்பு வீரர்கள் பலருக்குப் பக்கத்துக் கோபுரம் விழுந்ததே தெரியாது. வெளியே வரச்சொன்ன ஆணை சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. மேலே காவல்துறையின் ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த கோபுரம் தாங்காது என்பதை அதிலிருந்தவர்கள் கண்டு சொன்னார்கள், தங்கள் துறையின் அலைவரிசையில். தீயணைப்புத் துறையிடம் அந்த அலைவரிசை இல்லை.

இன்னொன்றும் நடந்தது. 1993-ல் அதே கட்டடத்தில் குண்டு வெடித்தபோதும் வயர்லெஸ் சரியாக எட்டவில்லை. அதனால் குரலைப் பெருக்கி மேல்தளங்களுக்கு அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை அங்கே வைத்திருந்தார்கள். 2001-ல் வடக்குக் கோபுரத்தின் கீழ்தளத்தில் அதை இயக்கும் இரண்டு பொத்தான்களில் ஒன்று அழுத்தப்பட்டிருந்தது, மற்றொன்று அழுத்தப்படவில்லை. சோதித்துப் பார்த்த அதிகாரிகள் ரிப்பீட்டர் பழுது என்று முடிவு செய்து அதை விட்டுவிட்டார்கள். அந்த நாளை விசாரித்த குழு 2004-ல் அறிக்கை தந்தபோது எல்லாப் பழியையும் வயர்லெஸ் மேல் போடவில்லை. ஆணை காதில் விழுந்தும் சக வீரர்களை விட்டுவிட்டு இறங்க மனமில்லாமல் நின்றவர்களும் இருந்தார்கள். விடுப்பில் இருந்து, கையில் கருவியே இல்லாமல் ஓடிவந்து உள்ளே போனவர்களும் இருந்தார்கள். இதைச் சொல்லாமல் போனால் வியாபாரிகளின் விளம்பரத்துக்கு நான் துணைபோனதாகிவிடும். அந்த நாளுக்குப் பிறகு அமெரிக்காவில் வயர்லெஸ் விற்க வந்த ஒவ்வொருவரும் இந்த 343 என்ற எண்ணைத்தான் முதலில் சொன்னார்கள்.

2003-ல் ஒரு தேசியக் குழு உட்கார்ந்து, நம்மால் ஏன் ஒருவரோடொருவர் பேச முடியவில்லை என்று யோசித்தது. ஐந்து காரணங்களைச் சொன்னது. பழைய, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கருவிகள், துண்டு துண்டாக வரும் பணம், துண்டு துண்டான திட்டமிடல், ஒத்துழைப்பு இல்லாமை, போதாத, சிதறிக்கிடக்கும் அலைக்கற்றை. இந்த ஐந்தில் பொறியாளர் கையில் இருப்பது முதலாவதும் கடைசியும்தான். நடுவில் இருக்கும் மூன்றும் நகர்மன்றக் கூட்டத்தில் தீர வேண்டியவை.

அலைக்கற்றைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 24 மெகாஹெர்ட்ஸைப் பொதுப் பாதுகாப்புக்கு ஒதுக்கச் சட்டம் போட்டது. ஆனால் அந்த இடத்தில் தொலைக்காட்சி நிலையங்கள் குடியிருந்தன. அவை டிஜிட்டலுக்கு மாறி வீட்டைக் காலி செய்தது 2009 ஜூன் 12 அன்று. பன்னிரண்டு ஆண்டுகள். செப்டம்பர் 11-ம் கத்ரீனா புயலும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்தான் வந்துபோயின.

இப்போது அமெரிக்க உள்ளாட்சியைப் பற்றிக் கொஞ்சம். அந்த நாட்டில் ஏறக்குறைய 90,000 உள்ளாட்சி அமைப்புகள் உண்டு. நம் மாவட்டத்தைப் போன்ற கவுண்டி, நகரம், டவுன்ஷிப், பள்ளி மாவட்டம், தீயணைப்புக்கென்றே தனி மாவட்டம், குடிநீருக்கென்று தனி மாவட்டம். காவல் அமைப்புகள் மட்டும் சுமார் 18,000. தமிழ்நாட்டில் காவல்துறை மாநிலத்துக்கு ஒன்று, தீயணைப்புத் துறை மாநிலத்துக்கு ஒன்று. கண்ட்ரோல் ரூமில் மைக்கைப் பிடித்தால் எந்த மாவட்டத்தோடும் பேச ஒரு வழி பிறக்கும். அங்கே ஒரே சாலையின் இந்தப் பக்கம் ஒரு நகரத்தின் போலீஸ், அந்தப் பக்கம் வேறொரு நகரத்தின் போலீஸ், நடுவே ஓடும் நெடுஞ்சாலைக்கு மாநில ரோந்து. மூவரும் தங்கள் தங்கள் மன்றம் ஒதுக்கிய பணத்தில், தங்கள் தங்கள் ஆண்டில், தங்களுக்குப் பிடித்த கம்பெனியிடம் வயர்லெஸ் வாங்கியிருப்பார்கள். தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பம் சுட்டு விற்று நிதி திரட்டும் கிராமத் தீயணைப்பு நிலையங்கள் அங்கே நிறைய. ஒரு நல்ல டிஜிட்டல் கைக்கருவியின் விலை ஆயிரக்கணக்கான டாலர். எத்தனை அப்பம் விற்றால் ஒரு கருவி வரும் என்று கணக்குப் போடுவது அவர்களுக்கு வேடிக்கை அல்ல.

இந்தச் சிதறலுக்கு என்ன விலை என்பதைக் காட்ட கலிஃபோர்னியாவின் ஓக்லாந்துக்குப் போகலாம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரை. 1991 அக்டோபர் 19 அன்று குன்றுப் பகுதியில் புல்லில் ஒரு சிறு தீ. அணைத்துவிட்டதாக நினைத்தார்கள். மறுநாள் ஞாயிறு. உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட சூடான காற்று அதை மறுபடியும் கிளப்பிவிட்டது. அன்று இறந்தவர்கள் 25 பேர், அவர்களில் ஒரு தீயணைப்பு அதிகாரியும் ஒரு காவலரும் உண்டு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் சாம்பல். சுற்றியிருந்த நகரங்களிலிருந்தெல்லாம் தீயணைப்பு வண்டிகள் குன்றேறி வந்தன. வந்தவர்கள் ஹோஸை எடுத்துக் குழாய்முனையில் மாட்டப்போனால் பொருந்தவில்லை. மற்றவர்கள் இரண்டரை அங்குல இணைப்பு வைத்திருந்தார்கள், ஓக்லாந்தின் குழாய்முனைகள் மூன்று அங்குலம். நடுவில் மாட்டும் இணைப்புத்துண்டு உண்டு, ஆனால் அது வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் கையில் இல்லை.

1904-ல் பால்டிமோர் நகரம் எரிந்தபோதும் இதுதான் நடந்தது. வாஷிங்டனிலிருந்தும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் உதவிக்கு ரயிலேறி வந்த வண்டிகளின் ஹோஸ் அங்கே பொருந்தாமல், 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அதற்குப் பிறகுதான் இரண்டரை அங்குலத் தரஅளவு நாட்டுக்கு வந்தது. தரஅளவு வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் ஓக்லாந்து மூன்று அங்குலத்திலேயே இருந்தது. ஏன்? தணிக்கைக்காரனுக்குப் பதில் தெரியும். எல்லாக் குழாய்முனைகளையும் மாற்றுவது ஒரு செலவு. அது எந்த ஆண்டிலும் அவசரச் செலவாகத் தெரிவதில்லை. நெருப்புக்குப் பிறகு மாற்றினார்கள்.

குழாய்முனையில் நடந்ததே வயர்லெஸிலும் நடந்தது. வெளியூர் வண்டிகளின் கருவிகள் வேறு வேறு அலைவரிசை. எல்லோருக்கும் பொதுவாக இருந்த சில உதவிச் சேனல்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறியதால் யார் பேசுவதும் யாருக்கும் புரியவில்லை. குன்றும் பள்ளத்தாக்குமான நிலம் மீதிச் சமிக்ஞையை விழுங்கியது. இந்த அனுபவத்திலிருந்து கலிஃபோர்னியா, 1993-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம், மாநிலம் முழுவதற்கும் ஒரே மாதிரியான பேரிடர் நிர்வாக முறையைக் கட்டாயமாக்கியது. யார் தலைமை, யார் யாருக்கு அறிக்கை தருவது என்பதெல்லாம் தீர்ந்தது. வயர்லெஸ் தீரவில்லை. தீர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. அந்தக் கதைதான் இன்றைய பேச்சின் நடுப்பகுதி.

அதற்கு முன், பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் வயர்லெஸ் அமைப்பு என்றால் என்ன என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் போலீஸுக்கு ஒரு சேனல், தீயணைப்புக்கு ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று, பொதுப்பணிக்கு ஒன்று. போலீஸ் சேனல் நிரம்பி வழியும்போது பொதுப்பணிச் சேனல் ஈ ஓட்டும். வங்கியில் ஒவ்வொரு கவுண்டருக்கும் தனி வரிசை நிற்பது போல. ட்ரங்கிங் என்கிற புதிய முறையில் வரிசை ஒன்று, கவுண்டர்கள் பல. பேச பட்டனை அழுத்தியதும் ஒரு கணினி அந்த நொடியில் காலியாக இருக்கும் சேனலை எடுத்துக் கொடுக்கும். பேசி முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். பேசுகிறவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் தன் பேச்சுக்குழுவில் பேசுகிறார், அவ்வளவுதான். தேவைப்பட்டால் பக்கத்து நகரத் தீயணைப்பையும் அதே பேச்சுக்குழுவில் சேர்க்கலாம். இதற்கென்று பி25 என்ற தரஅளவை 1989-லிருந்து உருவாக்கினார்கள். எந்தக் கம்பெனிக் கருவியும் எந்தக் கம்பெனி அமைப்போடும் பேச வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் பெரும்பாலும் நிறைவேறியது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தரஅளவுக்கு மேலே தன் சொந்தச் சிறப்பம்சங்களைச் சேர்த்து விற்றது. அவற்றுக்குப் பழகிய நகரம் வேறு கடைக்குப் போக முடியாமல் நின்றது. டெண்டரைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த அவையில் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

வரிசை ஒன்று, கவுண்டர் பல என்பது பெரிய அமைப்புக்கு மட்டுமே கட்டுபடியாகும். ஐந்து போலீஸ்காரர்கள் உள்ள ஊர் தனக்கென்று கணினியும் ஐந்து டவரும் கட்ட முடியாது. ஆகவே ஊர்கள் சேர வேண்டும். ஓக்லாந்தைச் சுற்றியுள்ள அலமேடா, கான்ட்ரா கோஸ்டா என்ற இரு கவுண்டிகளும் அவற்றின் நகரங்களும் 2007-ல் சேர்ந்தன. கலிஃபோர்னியச் சட்டத்தில் பல உள்ளாட்சிகள் ஒப்பந்தம் போட்டுத் தனியொரு பொது அமைப்பை உருவாக்க இடமுண்டு. அதற்குத் தனிக் கணக்கு, தனி வாரியம், தனி ஊழியர், கடன் வாங்கும் உரிமை எல்லாம் இருக்கும். அப்படி உருவானது கிழக்கு விரிகுடா வட்டாரத் தொடர்பு ஆணையம். நாற்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள்: நகரங்கள், தீயணைப்பு மாவட்டங்கள், பல்கலைக்கழகத்தின் காவல்துறை வரை. மலைமேல் டவர்கள் கட்ட மத்திய அரசின் மானியங்கள் பெரும்பங்கு தந்தன. ஓடிக்கொண்டிருக்க ஒவ்வொரு உறுப்பினரும் தன்னிடம் உள்ள கருவி ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று சந்தா கட்ட வேண்டும்.

இந்த ஆணையத்தில் முதலில் சேராமல் நின்ற பெரிய நகரம் எது என்று ஊகித்திருப்பீர்கள். ஓக்லாந்து. தனக்கென்று தனி பி25 அமைப்பைக் கட்டி 2011-ல் ஓட்டத் தொடங்கியது. தரஅளவு ஒன்றுதான். காகிதத்தில் பக்கத்து அமைப்போடு பேச முடியும். ஆனால் அமைப்பு தடுமாறியது. கட்டடங்களுக்குள் போனால் குரல் வரவில்லை. 2012 ஜூலையில் அதிபர் ஒபாமா நகரத்துக்கு வந்த அன்று பாதுகாப்புப் பணியில் இருந்தவர்களின் கருவிகள் வேலை செய்யாமல் போய், செய்தி நாடு முழுக்கப் பரவியது. தேடிப் பார்த்ததில் ஒரு காரணம், பக்கத்திலிருந்த செல்போன் டவர்களின் சமிக்ஞை வந்து இடித்தது. சில ஆண்டுகள் பழுதுபார்த்து, ஆலோசகர்களுக்குப் பணம் கட்டி, கடைசியில் ஓக்லாந்து நகர்மன்றம் பக்கத்து வீட்டுக்காரர்களின் ஆணையத்திலேயே சேர்ந்தது. தனியாகக் கட்டியதற்குச் செலவழித்த பணம் போனது போனதுதான். 25 பேரைப் பறிகொடுத்துக் கற்ற நகரம் அது என்பதுதான் என்னை உறுத்துகிறது. தனி அமைப்பு வேண்டும் என்று வாதிட்டவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். கட்டுப்பாடு நம் கையில் இருக்க வேண்டும், நம் அவசரத்துக்கு இன்னொரு ஊரின் வாரியத்திடம் கைகட்டி நிற்கக் கூடாது என்பது எந்த நகராட்சித் தலைவருக்கும் இயல்பாக வரும் எண்ணம். வாக்காளரும் அதையே விரும்புவார்.

அந்த எண்ணத்தோடு மோதுவதுதான் சந்தா வாய்ப்பாடு. நாற்பது ஊர்கள் ஒரே அமைப்பைப் பகிர்ந்தால் யார் எவ்வளவு கட்டுவது? கருவிக் கணக்குப்படி என்றால் ஊர்கள் கருவிகளைக் குறைத்துக் காட்டும். பள்ளிப் பாதுகாவலர், பொதுப்பணி ஊழியர் ஆகியோரிடமிருந்து கருவியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டும். அப்படியானால் வெள்ளம் வரும் நாளில் லாரி ஓட்டுநரிடம் வயர்லெஸ் இருக்காது. மக்கள்தொகைப்படி என்றால் பெரிய நகரம் சண்டை பிடிக்கும்: என் ஊர் சமவெளி, இரண்டு டவர் போதும், குன்றுமேல் பணக்கார வீடுகள் கட்டியவர்களுக்காகத்தானே எட்டு டவர்? நிலப்பரப்புப்படி என்றால் வருமானமே இல்லாத கிராமக் கவுண்டி தலையில் கைவைக்கும். பேசிய நிமிடக் கணக்குப்படி என்பது எல்லாவற்றிலும் மோசம். ஆபத்து நேரத்தில் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒருவர் செலவை யோசிக்கும்படி எந்த வாய்ப்பாடும் இருக்கக் கூடாது. இந்தச் சண்டைகளில் எல்லோரும் மனதார ஏற்ற முடிவை நான் எந்த ஆவணத்திலும் பார்த்ததில்லை. பெரும்பாலான இடங்களில் கருவிக் கணக்கே வென்றிருக்கிறது. அது நியாயமானது என்பதால் அல்ல, எண்ணிப் பார்க்கச் சுலபம் என்பதால்.

இனி டவர் கட்டும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. செப்டம்பர் 11-க்குப் பிறகு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மானியங்கள் மாநிலங்களுக்கும் பெருநகரங்களுக்கும் பாய்ந்தன. 2007-ல் வயர்லெஸ் இணைப்புக்கென்றே ஏறக்குறைய 100 கோடி டாலர் தனியாக ஒதுக்கினார்கள். மானியம் டவர் கட்டும், கருவி வாங்கும், திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் வாங்கிக்கொடுக்கும். பேட்டரி மாற்றாது. ஜெனரேட்டருக்கு டீசல் போடாது. மலை உச்சி நிலத்துக்கு வாடகை கட்டாது. மென்பொருள் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாது. டவரின் இரும்பு முப்பது ஆண்டுகள் நிற்கும். கைக்கருவி பத்து ஆண்டுக்குள் கிழடாகும். அமைப்பின் மையக் கணினியோ இடைவிடாமல் புதுப்பிக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனி உதவியை நிறுத்திக்கொள்ளும். ஆகவே பத்து ஆண்டு கழித்து, மானியம் தந்த ஆட்சி மாறி, கையெழுத்திட்ட மேயர் ஓய்வு பெற்று, எல்லோரும் மறந்த பிறகு ஒரு பில் வரும். என் தலைப்பு அதுதான்.

அந்த பில்லை முன்கூட்டியே எதிர்பார்த்த ஊர்களும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில், அதாவது சியாட்டில் நகரம் இருக்கும் கவுண்டியில், 1990-களில் கட்டிய அமைப்புக்கு உதிரிபாகம் கிடைக்காத நிலை வந்தது. மானியத்துக்குக் காத்திராமல் 2015 ஏப்ரலில் நேராக வாக்காளரிடம் போனார்கள். சொத்து மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 7 சென்ட் வீதம், ஒன்பது ஆண்டுகளுக்கு வரி. மொத்தம் சுமார் 27 கோடி 30 லட்சம் டாலர். ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 35 டாலர். மக்கள் தாராளமாகவே ஆதரித்தார்கள். வேலை திட்டமிட்டதைவிடச் சில ஆண்டுகள் தள்ளிப்போனது, அது வேறு கதை. எனக்குப் பிடித்தது அந்த வாக்குச்சீட்டில் இருந்த தெளிவு: எதற்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டு. வரி கேட்கவே பயப்படும் அரசியல்வாதிகள் அந்தச் சீட்டை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

மின்னசோட்டா வேறு வழி எடுத்தது. ஒவ்வொரு தொலைபேசி பில்லிலும் 911 அவசர அழைப்புக்கென்று வசூலிக்கும் சிறு கட்டணத்தை அடமானமாகக் காட்டிக் கடன்பத்திரம் விற்று, மாநிலம் தழுவிய பொது அமைப்பைக் கட்டியது. அதன் பலன் 2007 ஆகஸ்ட் 1 மாலை மினியாபொலிஸில் மிசிசிப்பி ஆற்றின் மேல் நெடுஞ்சாலைப் பாலம் இடிந்தபோது தெரிந்தது. 13 பேர் இறந்தார்கள், 145 பேர் காயமடைந்தார்கள். ஆற்றின் இரு கரையிலும் பல துறைகள் இறங்கின. ஆனால் பால்டிமோரும் ஓக்லாந்தும் அங்கே திரும்ப நடக்கவில்லை. பெரும்பாலோர் ஒரே அமைப்பில் இருந்ததால் பேச்சுக்குழுக்களைப் பிரித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். பிறகு வந்த ஆய்வறிக்கைகள் அந்த நாளின் வயர்லெஸ் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லாமல் எழுதப்பட்டன. செய்தித்தாள்களுக்கு அதில் சுவாரசியம் இல்லை.

911 கட்டணத்தை எல்லா மாநிலமும் இப்படி நேர்மையாகச் செலவிடவில்லை. எந்தெந்த மாநிலங்கள் அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பின என்று மத்திய தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் அந்தப் பட்டியலில் பல ஆண்டுகள் இருந்தன. நியூயார்க் மாநிலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கவுண்டிகளைக் கேட்காமல் மேலிருந்தே ஒரே மாநில அமைப்பு கட்ட 200 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, சோதனையில் தேறாமல் 2009 ஜனவரியில் அதை ரத்து செய்தது. அதற்குப் பிறகு கவுண்டிகளே கூட்டமாகச் சேர்ந்து கட்டிக்கொள்ள மானியம் தரத் தொடங்கியது. சேர்வதைக் கீழிருந்து கட்டினால்தான் நிற்கும் என்பது அவர்களுக்குச் செலவு வைத்துப் புரிந்தது.

பகிர்வதில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. எல்லோரும் ஒரே அமைப்பில் இருந்தால் அது விழும்போது எல்லோரும் விழுவார்கள். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபோது நகரத்தின் வயர்லெஸ் அமைப்பு வெள்ளத்திலும் மின்தடையிலும் படுத்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு சில பொதுச் சேனல்களில் நகரமும் மாநிலமும் வந்த உதவிப்படைகளும் ஏறி, பேச இடம் கிடைக்காமல் தவித்தார்கள். ஆகவே நல்ல அமைப்பில் இரண்டு மையக் கணினி இருக்கும், அவை வேறு வேறு கட்டடத்தில் இருக்கும், ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருக்காது. இந்த மூன்றும் பணம். பட்ஜெட்டைச் சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் இந்த இரண்டாவது மையம்தான், ஏனென்றால் எல்லாம் நன்றாக ஓடும் நாட்களில் அது சும்மா நிற்பது போலத்தான் தெரியும்.

பக்கவாட்டில் ஒன்று. டிஜிட்டல் கூட்டமைப்பு வந்ததும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேச்சை மறையாக்கம் செய்வது சுலபமாகிவிட்டது. 2020 அக்டோபரில் கலிஃபோர்னிய நீதித்துறை, தனிநபர் விவரங்கள் காற்றில் திறந்து போகக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டதும் பல நகரக் காவல்துறைகள் முழுப் பேச்சையும் மூடிவிட்டன. அதுவரை ஸ்கேனரை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த பத்திரிகையாளர்களுக்குக் கதவு அடைந்தது. தனிநபர் விவரத்தைக் காப்பது சரிதான். அதற்காக முழு அமைப்புக்கும் பூட்டுப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. டவருக்கு வரி கட்டுகிறவர் அன்றாடப் பேச்சையாவது கேட்க உரிமை உள்ளவர்.

பணம், டவர், கருவி எல்லாம் வந்த பிறகும் ஒன்று பாக்கி. 2012 நவம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம், அதே துறையின் வயர்லெஸ் பயன்பாட்டைச் சோதித்தது. ஏறக்குறைய 43 கோடி டாலர் செலவிட்டிருந்தார்கள். துறை முழுவதற்கும் பொதுவான ஒரு சேனல் ஒதுக்கியிருந்தார்கள். அந்தச் சேனலுக்குப் போய்ப் பேசுங்கள் என்று 479 பேரைக் கேட்டார்கள். பேசிக்காட்டியவர் ஒருவர். சோதித்த கருவிகளில் ஐந்தில் ஒரு பங்கில்தான் அந்தச் சேனல் சரியாகப் பதியப்பட்டிருந்தது. பலருக்கு அப்படி ஒரு சேனல் இருப்பதே தெரியாது. இந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு அந்த வடக்குக் கோபுரத்தின் பொத்தான் நினைவுக்கு வந்தது. பயிற்சி என்ற செலவுத் தலைப்பில் ஆண்டுக்கு இரண்டு முறை எல்லாத் துறையும் சேர்ந்து ஒத்திகை பார்க்கப் பணம் வைப்பது டவர் விலையில் ஒரு சிறு துளி. ஆனால் ஒத்திகைக்கு ரிப்பன் வெட்ட முடியாது.

இங்கே வரும் வழியில் நண்பர் ஒருவர் கேட்டார்: எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே, இன்னும் எதற்கு வயர்லெஸ்? நல்ல கேள்வி. அமெரிக்க நாடாளுமன்றமே அதைக் கேட்டது. 2012 பிப்ரவரியில் சட்டமியற்றி, அவசரப் பணியாளர்களுக்கென்றே நாடு முழுவதும் ஒரு செல்போன் வலையமைப்பைக் கட்ட ஃபர்ஸ்ட்நெட் என்ற ஆணையத்தை உருவாக்கி, அலைக்கற்றை ஏலத்திலிருந்து 700 கோடி டாலரை ஒதுக்கியது. 2017 மார்ச்சில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 25 ஆண்டு ஒப்பந்தம் பெற்றது. படம், வரைபடம், நோயாளியின் விவரம் எல்லாம் அதில் நன்றாகப் போகின்றன. கூட்டம் நெரியும் இடத்திலும் அவசரப் பணியாளருக்கு முன்னுரிமை கிடைக்கிறது. அந்த ஆணையத்துக்குச் சட்டம் தந்த ஆயுள் 15 ஆண்டுகள், கணக்குப்படி 2027 பிப்ரவரி வரை. ஒப்பந்தமோ 2042 வரை. இதையும் ஒரு தணிக்கைக்காரனாகக் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

ஆகவே இன்று ஒரு நடுத்தர அமெரிக்க நகரத்தின் பட்ஜெட்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று வட்டார வயர்லெஸ் ஆணையத்துக்குச் சந்தா, இன்னொன்று கைபேசி மாதக்கட்டணம். ஒன்றை வெட்டலாமே என்று ஆண்டுதோறும் நகர்மன்றத்தில் யாராவது எழுந்து கேட்பார். தீயணைப்புத் தலைவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் தருவார்கள். நிலவறையில் புகைக்குள் ஊர்ந்துபோகும் இரண்டு பேருக்கு எந்த டவரும் எட்டாது. அங்கே ஒரு கருவி இன்னொரு கருவியோடு டவரின் உதவியில்லாமல் நேராகப் பேச வேண்டும். கைப்பிடிக் கருவி அதைச் செய்கிறது. செல்போன் அந்த வேலையை நம்பி உயிரை ஒப்படைக்கும் அளவுக்கு இன்னும் செய்யவில்லை. செய்யும்வரை இரண்டு வரியும் இருக்கும். இரண்டு வரிக்கும் அடுத்த பத்தாண்டுக்கான தொகையை இப்போதே எழுதிவைத்திருக்கும் நகரங்கள் எத்தனை என்பதுதான் நான் கேட்க விரும்பும் கணக்கு.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது என்று தலைவர் சைகை காட்டுகிறார். கேளுங்கள்.